சேமிப்புக் கலம் பேணல்

நம் கல்லூரியின் யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் எம்மை அழைத்தபொழுது, தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து இலக்கியமோ சமயமோ பற்றிய கட்டுரை வருமென்றே எதிர்பார்த்தனர். யாம் பற்றரியைப் பற்றி எழுதப்போவதாகச் சொன்னதும் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறந்திலர். பின்பு ஒருவர், "சேர், எங்கள் வீட்டுப் பற்றரியும் நாலு மாதத்தில் செத்துவிட்டது, ஏனென்று எழுதிவிடுங்கள்" என்றார். அடுத்தவர் தம் வீட்டுப் பற்றரியின் கதையைத் தொடங்கினார். அன்றைய கூட்டத்தின் மற்ற அலுவல்கள் அத்தோடு நின்றுபோயின.

இதில் வியப்பொன்றுமில்லை. 2022ஆம் ஆண்டு மார்ச்சு 31ஆம் நாள் இலங்கையில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு நடைமுறையிலிருந்தது. அக்காலத்தில் கண்டியிலும் அயலூர்களிலும் கையிற் காசிருந்தவர்களும், இல்லாது கடன் பட்டவர்களும், ஆளுக்கொரு பற்றரியும் இன்வேட்டரும் வாங்கினர். மின்வெட்டு நீங்கியதும் அவற்றை மறந்தனர். 2025 பெப்ரவரி 9ஆம் நாள் நாடு முழுவதும் மின்சாரம் நின்றபொழுது மீண்டும் நினைத்தனர். அவ்வாண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பெயர்த்து வீடுகளின்மேல் வீழ்த்தியது, மின்கம்பிகள் அறுந்தன. அவ்விரவுகளிற் பற்றரியின் பயன் வெறும் வெளிச்சம் மட்டுமன்று. எம் பழைய மாணவர் ஒருவர், தாயார் மலையுச்சித் தோட்டத்திலும் தாம் நகரிலுமாக இருந்தார். கைத்தொலைபேசிக்கு ஊட்ட மின்சாரமின்றி இரண்டு நாட்கள் தாயின் குரலைக் கேளாதிருந்தார். அவர் வீட்டில் பற்றரி இருந்தது. அதில் உயிர் இருக்கவில்லை.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை கூறிவிட்டுப் பொருளுக்கு வருவோம். பற்றரி என்பது பிறமொழிச் சொல். ஆயினும் எம் தோட்டத்து முதியவர்கள் அதனைப் 'பத்தெரி' என்றே வழங்கினர். பற்றி எரிய வைப்பது பற்றெரி என்று பொருள் கொண்டனர் போலும். அது பிழையென்று திருத்த எமக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை. பாடநூல்களோ மின்கலவடுக்கு என்கின்றன. பொருளைத் திறந்து காட்டும் சொல் அதுவே. ஈய அமிலக் கலமொன்று ஏறத்தாழ இரண்டு வோல்ற்று தரும். அத்தகைய ஆறு கலங்களை ஒரே பெட்டியில் அடுக்கித் தொடுத்தால் பன்னிரண்டு வோல்ற்றுப் பற்றரி ஆகிறது. ஆறில் ஒன்று நோயுற்றாலும் அடுக்கு முழுவதும் நோயுறும் என்பதையும் அச்சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது.

எமக்குப் பற்றரியோடு பழக்கம் ஏற்பட்டது 1996ஆம் ஆண்டில். அப்பொழுது யாம் மாணவர். தெல்தோட்டைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்தோம். விக்ரோறியா அணைக்கட்டு 1985இலேயே திறக்கப்பட்டு, மகாவலி நீர் 210 மெகாவாற்று ஆற்றலுள்ள விசையாழிகளைச் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆனால் மின்கம்பி எம் தோட்டத்துத் தொழிற்சாலையோடும் துரை பங்களாவோடும் நின்றுவிட்டது. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கே. எனினும் எம் தந்தையார் கடன்பட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டியொன்றும், அதனை இயக்க மோட்டார் காரிலிருந்து கழற்றிய பற்றரியொன்றும் வாங்கியிருந்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்தப் பற்றரியைச் சாக்கிற் சுற்றித் தோளில் ஏற்றிப் பஸ்ஸிற் கண்டிக்குக் கொண்டு செல்வார். பஸ்ஸில் அமிலம் சிந்திச் சாரத்தில் ஓட்டை விழாத பயணம் அரிது. "மொதலாளி, இந்த வாட்டி நெறைய ஏத்திக் குடுங்க" என்று கடையில் வேண்டுவார். "காலைல தந்துட்டீங்கதானே அண்ணே, பின்னேரம் வந்து எடுத்துக்கங்க" என்பது வழக்கமான மறுமொழி.

அவ்வாண்டு மார்ச்சு 17, ஞாயிற்றுக்கிழமை. லாகூரில் உலகக் கிண்ணக் கிரிக்கெற் இறுதிப் போட்டி. லயத்துச் சனம் முழுவதும் எம் வாசலில். அவுஸ்திரேலியா 241 ஓட்டம் எடுத்து முடிந்தது. இலங்கை ஆடத் தொடங்கி விரைவில் இரண்டு விக்கெற்றுக்கள் வீழ்ந்தன; அரவிந்த டி சில்வா வந்து நிலைகொண்டார். அவ்வேளையில் படம் நான்கு ஓரங்களிலிருந்தும் உள்நோக்கிச் சுருங்கத் தொடங்கியது. முதலில் எல்லைக்கோடு மறைந்தது. பின்னர் ஆட்டக்காரரின் கால்கள் மறைந்தன. கடைசியில் தபால் முத்திரையளவு வெளிச்சமாகி அதுவும் அவிந்தது. அவர் ஆட்டமிழக்காது 107 ஓட்டம் எடுத்ததையும் நாடு கிண்ணத்தை வென்றதையும் அடுத்த லயத்து வானொலியிற் கேட்டோம். எம் தந்தையார் வானொலி கேட்க வரவில்லை.

முதல் நாள் சனிக்கிழமைதான் பற்றரிக்கு மின்னேற்றிக் கொண்டுவந்தது. ஆதலின் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே லயத்தில் பேசினர். கணக்கும் அவர்கள் பக்கமே நின்றது. பெட்டி இழுத்த மின்னோட்டம் ஏறத்தாழ ஒன்றரை அம்பியர். பற்றரியில் எழுதியிருந்த கொள்ளளவு 60 அம்பியர்-மணி. வகுத்துப் பார்த்தால் நாற்பது மணி நேரம் ஓடவேண்டும். பாதியென்று வைத்தாலும் இருபது. ஓடியதோ ஆறு மணி நேரத்துக்கும் குறைவு. பல்லாண்டுகள் கழித்து இக்கலையை ஒருவாறு கற்றபின்பே எமக்கு உண்மை விளங்கிற்று. அந்தப் பற்றரி அவ்வேலைக்குப் பிறந்ததன்று. அன்றியும் அதனைப் பட்டினி போட்டே கொன்றிருந்தோம். பற்றரி உழைப்பால் அழிவதினும் பட்டினியால் அழிவதே மிகுதி. இக்கட்டுரையில் யாம் சொல்ல வந்தது அதுவே. இனி வருவன அதன் விளக்கம்.

ஈய அமிலக் கலத்தை 1859ஆம் ஆண்டில் அமைத்தவர் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சுக்காரர். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஐதான சல்பூரிக்கமிலத்தில் இருவகைத் தகடுகள் நிற்கின்றன. நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டு, எதிர்த்தகட்டில் கடற்பஞ்சு போல நுண்டுளைகளையுடைய ஈயம். மின்னோட்டத்தை நாம் எடுக்க எடுக்க, அமிலத்திலுள்ள சல்பேற்று இரு தகடுகளிலும் சென்று படிகிறது. இரண்டும் ஈயச்சல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இச்செயல் அப்படியே திரும்புகிறது. சல்பேற்று தகட்டை விட்டு அமிலத்துக்கு மீள்கிறது. அமிலத்தின் செறிவை அளந்தால் வயிறு எவ்வளவு நிறைந்திருக்கிறது என அறியலாம் என்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் அப்படி மீள்வதற்கு ஒரு தவணை உண்டு. புதிதாகப் படிந்த ஈயச்சல்பேற்று மிக நுண்ணிய துகள், எளிதிற் கரையும். பற்றரியை வெறுமையாகப் போட்டுவைத்தால் அத்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, சீனிப்பாகு கற்கண்டாவது போல, பெரும் பளிங்குகளாக இறுகுகின்றன. இறுகியது எளிதில் மீளாது. தகட்டின் அப்பகுதி அன்றுமுதல் உறங்கும் நிலம், அதில் விளைச்சலில்லை. எம் வீட்டில் நடந்தது அதுதான். படம் சுருங்கியபின்பும் கண்டிக்குப் போக ஞாயிறு வரவேண்டும், பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அதுவரை ஏழு நாளோ பத்து நாளோ பற்றரி வெறும் வயிற்றோடு கட்டிலின் கீழ்க் கிடந்தது. கடையிலும் பகற்பொழுதுக்குள் முழுதும் நிறையவில்லை. மாதந்தோறும் சிறிது சிறிதாகத் தகடு கற்கண்டாயிற்று.

இனித் தேர்வு. மோட்டார் காரின் பற்றரிக்கும் வீட்டு விளக்கெரிக்கும் பற்றரிக்கும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண்பது அரிது. உள்ளே அவை வெவ்வேறு சாதி. காரை முடுக்குவதற்குச் சில வினாடிகள் இருநூறு முந்நூறு அம்பியர் பாய வேண்டும். அதற்காக மெல்லிய தகடுகள் பலவற்றை நெருக்கமாக அடுக்குகின்றனர். மேற்பரப்பு மிகுந்தால் ஓட்டம் மிகும். அவ்வாறு முடுக்குவதில் அதன் கொள்ளளவில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே செலவாகும். இயந்திரம் ஓடத் தொடங்கியதும் அதுவும் உடனே நிரப்பப்படும். கார்ப் பற்றரி எப்பொழுதும் நிறைவயிற்றோடு வாழப் பழகியது. அதனை நாள்தோறும் அடிவரை வற்றச் செய்தால், மெல்லிய தகட்டின் பூச்சு உதிர்ந்து அடியில் வண்டலாகச் சேரும். ஐம்பது நூறு தடவைகளில் அதன் கதை முடியும்.

ஆழ வற்றி மீண்டும் நிறைவதற்கென்றே செய்த பற்றரியின் தகடுகள் தடித்தவை, பூச்சு அடர்த்தியானது. நம் நாட்டுக் கடைகளில் இன்வேட்டருக்கென்று விற்கும் உயரமான பற்றரிகளுட் பல குழாய்த் தகட்டு வகையைச் சேர்ந்தன. அவற்றில் நேர்த்தகட்டின் பொருளை ஈயக் கம்பிகளைச் சூழ்ந்த துணிக்குழாய்களுக்குள் அடைத்திருப்பர். ஆதலின் உதிர்ந்தாலும் ஓடிப்போக இடமில்லை. இத்தகையது, பாதியளவுக்கு மேல் வற்றாமற் பார்த்துக்கொண்டால், ஆயிரம் தடவைக்கு மேலும் உழைக்கும். மேனாடுகளில் மோட்டார் வண்டியின் பின்னே வீடு போன்ற இழுவை வண்டியைப் பூட்டிக்கொண்டு காடு மலைகளிற் சென்று தங்குவோர் விளக்குக்கும் நீர் இறைப்பதற்கும் வைத்திருப்பது இவ்வகைப் பற்றரியே. நம் இளைஞர் தும்பறை மலைத்தொடருக்குக் கூடாரத்தோடு செல்லும்போது வானில் ஏற்றவேண்டியதும் இதுவே. ஆனால் அவர்கள் வானின் சொந்தப் பற்றரியிலேயே இரவு முழுதும் விளக்கும் பாட்டுப் பெட்டியும் இயக்கிவிட்டு, விடியற்காலையில் வானைத் தள்ளுவதைக் கண்டிருக்கிறோம்.

கடையில் நிற்கும்போது மூன்றைப் பாருங்கள். ஒன்று, கொள்ளளவு எத்தனை மணி நேரக் கணக்கிற் சொல்லப்பட்டது என்பது. நூறு அம்பியர்-மணி என்பது பெரும்பாலும் இருபது மணிக் கணக்கு. அதாவது மணிக்கு ஐந்து அம்பியர் வீதம் இருபது மணி நேரம் தரும். இருபது அம்பியர் இழுத்தால் ஐந்து மணி நேரம் தருமோவெனில், தராது. அவசரமாய்க் கறப்பவனுக்கு மாடு முழுப்பாலையும் விடுவதில்லை. இரண்டு, உற்பத்தித் தேதி. பற்றரி கடைத்தட்டிலும் பசியாறாது கிடக்கும். பலமாதம் கிடந்ததை வாங்கினால் பாதி கற்கண்டான தகட்டையே வாங்குகிறோம். மூன்று, எடை. ஒரே கொள்ளளவு எழுதிய இரண்டைக் கையால் தூக்கிப் பாருங்கள். ஈயம் மிகுந்தது கனக்கும். எழுத்து பொய் சொல்லலாம், ஈயம் சொல்வதில்லை.

எவ்வளவு பெரிது வேண்டும் என்பது கணக்கில் முடிய வேண்டியது, ஆசையில் அன்று. ஒரு சிறு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். ஏழு உவாற்று எல்.ஈ.டி. மின்குமிழ் மூன்று, ஐந்து மணி நேரம்: 105 உவாற்று-மணி. ஐம்பது உவாற்றுத் தொலைக்காட்சி மூன்று மணி: 150. இணையப் பெட்டி பத்து உவாற்று, ஐந்து மணி: 50. கைத்தொலைபேசிகளுக்கு 35. மொத்தம் 340. இன்வேட்டர் தனக்கென விழுங்குவதையும் சேர்த்து 400 எனக் கொள்வோம். பற்றரி பாதிக்கு மேல் வற்றலாகாது என்பதனால் அதனை இரட்டித்தால் 800. பன்னிரண்டால் வகுக்க, 67 அம்பியர்-மணி. பற்றரி முதுமையடையும்போது குறைவதற்கும் இடம்விட்டு, நூறு அம்பியர்-மணிப் பற்றரியொன்று வாங்குவது தகும். இக்கணக்கிற் சோறாக்கும் மின்சட்டியைச் சேர்க்கவேண்டாம். எழுநூறு உவாற்றுச் சட்டி அறுபது அம்பியருக்கு மேல் இழுக்கும். விறகடுப்பு இருக்க அதற்கு என்ன அவசரம்?

மின்னேற்றல்தான் இக்கலையின் நடுப்பகுதி. பிழைகள் மிகுதியும் நடப்பது இங்கேயே. நூறு அம்பியர்-மணிக் கலத்துக்குப் பத்து அம்பியர், அதாவது கொள்ளளவில் பத்திலொரு பங்கு, நல்ல வீதம். அவ்வாறு ஏற்ற ஏற்ற வோல்ற்றளவு மெல்ல உயர்ந்து 14.4 வரை செல்லும். இந்நிலையில் பற்றரி நிறைந்துவிட்டது எனப் பலர் கம்பியைக் கழற்றுவர். அது நிறையவில்லை, ஐந்தில் நான்கு பங்குதான் நிறைந்திருக்கும். அங்கிருந்து வோல்ற்றளவை அங்கேயே நிறுத்தி, ஓட்டம் தானாகக் குறைந்து இரண்டு அம்பியருக்குக் கீழே வரும்வரை பொறுத்திருக்க வேண்டும். கடைசி ஐந்திலொரு பங்கு மெதுவாகவே ஏறும், அதற்கு மேலும் பல மணி நேரம் வேண்டும். காலையிற் கொடுத்துப் பின்னேரம் எடுத்த எம் தந்தையாரின் பற்றரிக்கு அந்தக் கடைசிப் பங்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. ஒருநாளும் கரையாத சல்பேற்றும் அந்தப் பங்கினுடையதே. நிறைந்தபின்பு 13.5, 13.6 வோல்ற்றில் தொங்கவிட்டால் பற்றரி நிறைந்தபடியே காத்திருக்கும். இக்காலத்து நல்ல மின்னேற்றிகளும் இன்வேட்டர்களும் இம்மூன்று படிகளையும் தாமே செய்யும். மலிவானவை செய்யா, வாங்கும்போது கேட்க வேண்டும்.

நிறைந்ததா என அறிய வோல்ற்றுமானியொன்று போதும். ஆனால் மின்னேற்றி கழற்றியவுடன் அளந்தால் அது பொய்யான உயர்வைக் காட்டும். சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்க வேண்டும். 12.6, 12.7 எனில் நிறைவு, 12.2 எனில் பாதி, 11.8 எனில் வெறுமை. பாதிக்கும் நிறைவுக்கும் இடையே அரை வோல்ற்று மட்டுமே என்பதைக் கவனிக்க. முள் நகரும் விலை குறைந்த மானிகள் இங்கே பயன்படா. இலக்கம் காட்டும் மானி வேண்டும். மூடி திறக்கும் பற்றரியாயின் நீரமானி இன்னும் நம்பத்தக்கது. கலந்தோறும் அமிலத்தை உறிஞ்சி அளக்கும்போது ஆறு கலங்களுள் எது பின்தங்குகிறது என்பதும் வெளியாகும். நிறைந்த கலத்தில் தன்னீர்ப்பு 1.25 முதல் 1.28 வரை இருக்கும். வெப்ப நாடுகளுக்கென்று சற்றுக் குறைத்தே நிரப்புவதுண்டு.

அமிலத்தைப் பற்றி இன்னொன்று. நீரினும் அமிலம் கனத்தது. ஒரே இடத்தில் அசையாது நிற்கும் பற்றரியிற் செறிந்த அமிலம் அடியிலும் நீர்த்தது மேலுமாகப் பிரிந்து நிற்கும். தகட்டின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் ஒரே சீராக உழைக்கமாட்டா. மாதத்துக்கொருமுறை, மூடி திறக்கும் வகைக்கு மட்டும், சிறிது நேரம் கூடுதலாக மின்னேற்றிக் குமிழிகள் எழவிட்டால் அவை கலக்கிவிடும். தெல்தோட்டைப் பாதையில் பஸ்ஸிற் குலுங்கிய எம் பற்றரிக்கு இந்த ஒரு குறை மட்டும் நேர்ந்திராது.

சோலார் தகட்டினால் மின்னேற்றுவோர் கண்டியின் மழையைக் கணக்கில் வைக்க வேண்டும். நூறு உவாற்றுத் தகடு நல்ல வெயில் நாளில் முந்நூறு முதல் நானூறு உவாற்று-மணி தரலாம். நாள்முழுதும் முகில் மூடிய நாளில் அதிற் காற்பங்கும் கிடைப்பது அரிது. 1997இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய எரிசக்தித் திட்டத்தின் வழியாக மின்கம்பி எட்டாத கிராமத்து வீடுகள் பல சிறு சோலார்த் தகடுகளைப் பெற்றன. கண்டிக்குப் பற்றரி சுமக்கும் துன்பத்தை அவை தீர்த்தன. மழைநாளில் விளக்கை நீட்டி எரித்து மறுநாள் வெறும் கலத்தைப் பார்க்கும் துன்பத்தைத் தீர்க்கவில்லை. வானம் இருண்ட நாளில் விளக்கையும் குறைப்பதே தக்க வழி.

வண்டியிலிருந்து மின்னேற்றுவோர்க்கு ஒரு சொல். வண்டியின் மின்பிறப்பாக்கி பதினான்கு வோல்ற்றுக்கு மேலே தந்தாலும், பின்னேயுள்ள இரண்டாம் பற்றரிக்குச் செல்லும் கம்பி மெல்லிதாயின் வழியிலேயே ஒரு வோல்ற்றுத் தேய்ந்துவிடும். பதின்மூன்று வோல்ற்றில் எத்தனை மைல் ஓடினாலும் பற்றரி நிறையாது. தடித்த செப்புக் கம்பி வேண்டும். பற்றரியின் அருகிலேயே உருகி வேண்டும். இயந்திரம் நிற்கும்போது இரண்டு பற்றரிகளையும் பிரித்துவைக்கும் ஆளியும் வேண்டும். பயணம் முடிந்து வண்டியை நிறுத்தும் அன்றே முழுதும் மின்னேற்றி வைப்பது முறை. அடுத்த விடுமுறை வரட்டும் என்று வைத்தால் அடுத்த விடுமுறைக்குப் புதிய பற்றரி வாங்க நேரும்.

பேணும் முறைகள் எளியவை. ஆனால் மறவாமை வேண்டும். வேலையில்லாது கிடக்கும் பற்றரியும் தானாகவே மாதந்தோறும் சிறிது இழக்கும். ஆகவே பறுவத்துக்குப் பறுவம், போயா விடுமுறையை நினைவாகக் கொண்டு, ஒருமுறை மின்னேற்றி வாருங்கள். 2022இல் வாங்கிய பற்றரிகளுட் பல பின்னர் உதவாமற் போனதற்கு இதுவன்றி வேறு காரணம் தேடவேண்டியதில்லை. மூடி திறக்கும் வகையில் நீர் குறைந்து தகடு வெளியே தெரியும் நிலை வரலாகாது. மின்னேற்றியபின்பே நீர் ஊற்றுக; முன்னே ஊற்றினால் மின்னேறும்போது பொங்கி வழியும். தகடு தெரிந்தால் மட்டும் அது மூடுமளவு முன்னே சிறிது ஊற்றலாம். ஊற்றுவது காய்ச்சி வடித்த நீரே. மலையருவி நீர் எவ்வளவு தெளிந்ததாயினும் அதில் உப்புக்கள் உண்டு. குழாய் நீரிற் குளோரினும் உண்டு. அமிலம் ஊற்றவே கூடாது. குறைவது நீர், அமிலம் உள்ளேயே இருக்கிறது. கடையிற் சிலர், "அசிட் போட்டால் உயிர் வரும்" என்பர். வருவது சிலநாள் உயிர். பின்பு தகடு அரிந்துபோகும்.

முனைகளிற் பச்சையும் வெண்மையுமாகப் பூக்கும் மாவை, கம்பியைக் கழற்றியபின், அப்பச்சோடா கரைத்த வெந்நீராற் கழுவலாம். அந்நீர் கலத்தினுள்ளே ஒருதுளியும் போகாதபடி மூடிகள் இறுகியிருக்க வேண்டும். துடைத்து உலர்த்தி, இறுக்கிப் பூட்டி, வாசலீன் பூசுக. தகரக் கூரையின் கீழோ அடுப்பருகிலோ வைக்காதீர். வெப்பம் ஒவ்வொரு பத்துப் பாகை மிகும்போதும் பற்றரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்நூறு மீற்றர் மேலிருக்கும் கண்டியின் தட்பவெப்பம் பற்றரிக்கு இயல்பாகவே இதமானது. நுவரெலியாக் குளிரிலோ ஆயுள் நீளும். அன்றன்றைய கொள்ளளவு சற்றுக் குறையும். மின்னேற்ற வோல்ற்றளவும் சற்று உயர்த்த வேண்டிவரும்.

எச்சரிக்கைகளை விரித்துச் சொல்லாது விடமுடியவில்லை. மின்னேற்றும்போது எழும் குமிழிகள் ஐதரசனும் ஒட்சிசனுமாகும். காற்றில் ஐதரசன் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும். நம்மவர் வீடுகள் சிலவற்றில், பிள்ளைகள் கை எட்டாதென்று, பற்றரியைச் சாமியறையில் வைத்திருக்கக் கண்டோம். மேலே அணையாத நெய்விளக்கு! பக்தி வேறு, ஐதரசன் வேறு. காற்றோட்டமுள்ள திண்ணைப் பக்கமே அதற்கு இடம். மின்னேற்றியை முதலில் நிறுத்திய பின்பே முனைக் கம்பிகளைக் கழற்ற வேண்டும். திருகி முறுக்கும்போது காப்பும் மோதிரமும் கழற்றி வைக்க வேண்டும். இரு முனைகளையும் ஒருங்கே தொட்ட வளையல் செந்தணலாகிவிடும். கண்ணில் அமிலம் தெறித்தால் கால் மணிநேரமாவது ஓடும் நீராற் கழுவிய பின்பே வைத்தியரிடம் ஓடுக.

இக்காலத்தில் இலிதியம் பற்றரிகளும் வந்துவிட்டன. வீட்டுக்கு உகந்தது இலிதியம் இரும்புப் பொசுபேற்று வகை. அது எடையில் ஈயத்தின் பாதிக்கும் குறைவு. ஆழ வற்றினும் தாங்கும். ஈராயிரம் தடவைக்கு மேல் உழைக்கும். பாதி நிறைந்து கிடந்தால் நோயுறாது, கற்கண்டாவதும் இல்லை. விலை மிகுதியாயினும், மறதியுள்ளவர்க்கு அதுவே இறுதியில் மலிவு என்பது எம் எண்ணம். ஆனால் அதற்குரிய மின்னேற்றி வேறு; கலங்களைக் காக்கும் மின்சுற்று உள்ளேயுள்ளதா எனக் கேட்டே வாங்க வேண்டும். உறைகுளிரில் அதற்கு மின்னேற்றலாகாது. கண்டியில் அந்த அச்சமில்லை.

இறந்த ஈயப் பற்றரியை என் செய்வது? எம் லயத்தில் அதனைக் கோடரியாற் பிளந்து, அமிலத்தைக் கானில் ஊற்றி, ஈயத்தைத் தாய்ச்சியில் உருக்கிய காலம் உண்டு; உருகிய ஈயம் வெள்ளிபோல் மினுங்குவதைக் காணச் சிறுவர்களாகிய நாங்கள் சூழ்ந்து நின்றோம். ஈயத்தின் புகையும் தூசியும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பன என்பதும், மண்ணிற் சேர்ந்த ஈயம் பல்லாண்டு நீங்காது என்பதும் அன்று எவர்க்கும் தெரியாது. பழைய பற்றரியை உடையாமல், அமிலம் சிந்தாமல், நிமிர்த்தியபடியே புதியது வாங்கும் கடைக்குக் கொண்டுபோனால், ஈயத்தின் விலையைப் புதியதன் விலையிற் கழித்துக்கொள்வர். எம் தந்தையாரின் பற்றரியும் இறுதியில் அவ்வாறே கண்டிக்குப் போயிற்று. பஸ்ஸில் இம்முறை அதைச் சுமந்தவர் யாம்.